அன்னக்கிளிக்கு முன்னாடி என்னய்யா பாட்டு இருந்துச்சுனு கேக்குறவங்களுக்கு

எங்க போனாலும் ஒரே கதையத்தான் சொல்றாங்க. 1976ல இளையராஜாவோட முதல் படம் அன்னக்கிளி வந்துச்சு, அதுக்கு முன்னாடி தமிழ்நாடே இந்திப் பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டு இருந்துச்சு, ராஜா சார் வந்துதான் நம்மாளுங்கள திருப்பிக் கூட்டிட்டு வந்தாருன்னு. இதுல பாதி உண்மைதான், இல்லேங்கல. 73ல வந்த பாபி, யாதோன் கி பாராத், அப்புறம் 75ல ஷோலே, அதுல ஆர்.டி.பர்மன் தானே பாடின மெஹபூபா, இதெல்லாம் ஒரு வார்த்தை புரியாமலே எங்க ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேந்துச்சு. கிஷோர் குமார் மாதிரி யூடலிங் (குரல ஏத்தி எறக்கி ஒடச்சுப் பாடுறது) பண்றேன்னு தெருவுல கத்திக்கிட்டுப் போன அண்ணனுங்க எல்லாம் இன்னிக்குத் தாத்தா.

ஆனா மீதிப் பாதி இருக்கே, அதத்தான் யாரும் பேச மாட்டேங்கறாங்க.

74ஐ மட்டும் எடுத்துக்கங்க. தீர்க்க சுமங்கலில எம்.எஸ்.வி (எம்.எஸ்.விஸ்வநாதன்) மியூசிக்ல வாணி ஜெயராம் பாடின ‘மல்லிகை என் மன்னன் மயங்கும்’. வேலூர்ல பொறந்த பொண்ணு, ஆனா முதல்ல பேர் வாங்கினது இந்தில, 71ல ‘குட்டி’ (Guddi)ங்கிற படத்துல, அப்புறம்தான் நமக்குக் கெடச்சாங்க. சுசீலாம்மா, ஜானகியம்மா ரெண்டு பேரும் உச்சத்துல இருக்கிற நேரத்துல மூணாவதா ஒரு குரல் நுழையறது லேசுப்பட்ட காரியமா? இந்தப் பாட்டு ரேடியோல வந்தா எங்க வீட்டுல அடுப்படில பாத்திரம் உருட்டுற சத்தம் நின்னுரும், சித்தி அப்படியே கரண்டியோட வந்து நிலைப்படில சாஞ்சு நிப்பாங்க.

அதே வருஷம் அவள் ஒரு தொடர்கதை. அதுல ‘கடவுள் அமைத்து வைத்த மேடை’ கேட்டிருக்கீங்கல்ல, எஸ்.பி.பி பாட, நடுவுல சதன் மிமிக்ரில பறவை மிருகம்னு ஒரு காட்டையே கொண்டாந்து எறக்குவாரு, ஸ்கிரீன்ல சின்னப் பையனா கமல். எங்க செட்டுல அந்தச் சத்தத்த ட்ரை பண்ணாத பையன் கெடையாது, ஒருத்தனுக்கும் வரல.

எம்.ஜி.ஆர்னா டி.எம்.எஸ் குரல்தான்னு இருந்த காலத்துல உரிமைக்குரல்ல ‘விழியே கதை எழுது’வுக்கு யேசுதாஸ் பாடினாரு. வாத்தியார் ரசிகனுங்ககிட்ட இதப்பத்தி ஒரு பெரிய சண்டையே ஓடுச்சு, இந்தக் குரல் அவருக்கு ஒட்டுதா ஒட்டலையான்னு. எனக்கு ஒட்டுச்சு. டி.எம்.எஸ் குரல் எனக்கு உயிருதான், இருந்தாலும் அந்தப் பாட்டு அவருக்கானது இல்ல.

சரி, 75. அபூர்வ ராகங்கள். ரஜினியோட முதல் படம்னு மட்டுமே இப்ப எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, ஆனா அப்ப அந்தப் படம்னாலே எங்களுக்குப் பாட்டுதான். ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாடினதுக்கு வாணி ஜெயராமுக்கு நேஷனல் அவார்டு. ‘அதிசய ராகம்’ இருக்கு பாருங்க, அது பாலமுரளி கிருஷ்ணா உருவாக்கின மகதி ராகம், நாலே நாலு சுரம்தான், அத வச்சுக்கிட்டு எம்.எஸ்.வி ஒரு முழு சினிமாப் பாட்டு கட்டிட்டாரு, அதுலயும் கடைசில கதாநாயகி பேர் பைரவின்னு வர்ற எடத்துல ராகமும் பைரவிக்குத் தாவிரும், கவனிச்சுக் கேளுங்க, கண்ணதாசனும் எம்.எஸ்.வியும் ஒக்காந்து வெளாண்டிருக்காங்க. இதெல்லாம் அன்னிக்கு எனக்கு எங்க தெரியும், ராகம்னா பாகவதர் கச்சேரில வர்றதுன்னு நெனச்ச வயசு அது.

கேட்டதெல்லாம் இலங்கை வானொலிலதான். காலைல பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி, அப்புறம் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா அந்த வேகத்துல பேசுறது, அப்துல் ஹமீது அந்த அழகுத் தமிழ்ல அறிவிக்கிறது. கடல் தாண்டி வர்ற ஸ்டேஷன் நம்ம ஊர் ஸ்டேஷன விட எங்களுக்குப் பக்கமா இருந்துச்சு. அப்பல்லாம் ரேடியோவுக்கு வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணும்னு இப்பத்தப் பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க.

எம்.எஸ்.வி பெருசா ராஜா பெருசாங்கிற இந்த ரசிகர் சண்டைல சிக்கி நசுங்கிப் போனவர் மியூசிக் டைரக்டர் வி.குமார். எனக்கு நெஜமான ஆதங்கம் இவர் மேலதான். வெள்ளி விழால எல்.ஆர்.ஈஸ்வரிய மெதுவா ‘காதோடுதான் நான் பாடுவேன்’னு பாட வச்ச ஆளு, 75ல தேன் சிந்துதே வானம் படத்துல யேசுதாஸ வச்சு ‘உன்னிடம் மயங்குகிறேன்’ குடுத்தாரு. (தேன் சிந்துதே வானம்ங்கிற பாட்டு இந்தப் படத்துல இல்ல, அது பொண்ணுக்கு தங்க மனசு, ஜி.கே.வெங்கடேஷ் மியூசிக். இத வச்சே நாங்க அப்ப பந்தயம் கட்டி டீ குடிச்சிருக்கோம்.) அந்த ஜி.கே.வெங்கடேஷ்கிட்டதான் ராஜா சார் அசிஸ்டென்ட்டா இருந்தாரு, அன்னக்கிளிலயே சுசீலாம்மாவும் டி.எம்.எஸ்ஸும் பாடியிருக்காங்க. எங்க இருந்து வந்துச்சு இந்த முன்னாடி பின்னாடி கோடெல்லாம்?

போன மாசம் வாட்ஸப் குரூப்ல ‘உன்னிடம் மயங்குகிறேன்’ வீடியோவ ஒருத்தர் போட்டு, ராஜா ராஜாதான்னு எழுதி ஹார்ட் வேற விட்டிருந்தாரு. வி.குமார்னு பதில் போட்டேன். யாரு சார் அவருன்னு கேட்டாரு. அதுக்குத்தான் இவ்வளவும் எழுதறேன், லிங்க்க அங்கயே போடப் போறேன்.