முப்பது நாள் அறிவிப்பு

“சார், எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மதம் மாறிட்டா நாளைக்கே பதிஞ்சிடலாம்னு வெளியில சொல்றாங்க. மாறாம இருக்கிறதுக்குத்தான் இந்த முப்பது நாளா?” என்று வேறு மதத்தவரை மணக்கப் பதிவுக்கு வந்திருந்த அந்தப் பெண் கேட்டார். “சட்டம் யாரையும் மாறச் சொல்லவில்லை அம்மா, காத்திருக்கத்தான் சொல்கிறது” என்றேன். சார்பதிவாளராக நான் சொன்ன பதில்களில் இதைவிடத் துல்லியமான ஒன்று இருக்காது என்று அன்று நினைத்தேன். சட்டப்படி இன்றும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனாலும் அங்கிருந்து மாறுதலாகி வேறு ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இருவரில் யார் எந்த மதம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்கள் அதை வைத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வயது நிறைந்தவர்கள் என்பது போதும்.

“வெளியில சொல்றாங்க” என்று அவர் குறிப்பிட்டது ஆவண எழுத்தர்களை. அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. இருவரும் இந்துக்கள் என்றால் கோயிலில் தாலி கட்டி, ரசீதும் அழைப்பிதழும் வயதுச் சான்றும் கொண்டுவந்தால் இந்து திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்துவிடலாம்; யாருக்கும் முன்னறிவிப்பு தேவையில்லை. நிக்காஹ் என்றால் ஜமாத்தின் பதிவேட்டில் எழுதியதும் திருமணம் முடிந்தது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்கீழ் அதையும் பிறகு பதிந்துகொள்ளலாம். இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு மதச் சடங்கு எதுவும் இல்லாமல் மணந்துகொள்ள விரும்பினால்தான் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு வர வேண்டும். அங்கேதான் மணக்கப்போவதாக அறிவிப்பு கொடுப்பது, அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவது, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று முப்பது நாள் காத்திருப்பது எல்லாம். இத்தனைக்கும் அந்த அறிவிப்புப் படிவத்தில் மதம் என்ற கட்டமே கிடையாது. பெயர், திருமண நிலை, தொழில், வயது, இருப்பிடம், நிரந்தர முகவரி, எத்தனை நாளாக வசிக்கிறார்கள் என்பவை மட்டுமே உண்டு. சட்டம் கேட்காததைப் பலகையில் ஒட்டிய இரண்டு பெயர்களே சொல்லிவிடுகின்றன.

ஆட்சேபணைக்கு உரிய காரணங்களையும் ஆறுதலாக எடுத்துச் சொன்னேன். ஏற்கெனவே மணந்த வாழ்க்கைத் துணை உயிரோடிருப்பது, சம்மதம் தர இயலாத மனநிலை, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்ற வயது நிறையாதது, தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவைதான் காரணங்கள். மதமோ பெற்றோரின் விருப்பமின்மையோ அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பெண்ணின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்ததால், அறிவிப்பின் நகல் அங்குள்ள திருமண அலுவலருக்கும் போயாக வேண்டும் என்பதையும் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கையெழுத்திட்டார்கள்.

முப்பது நாள் முடிவதற்குள் பெண்ணின் தகப்பனார் வந்தார். கூச்சலோ மிரட்டலோ இல்லை. திருமண அறிவிப்புப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். அதைக் கட்டணமில்லாமல் பார்வையிட எவருக்கும் உரிமை உண்டு என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. புத்தகத்தை விரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போனவர், ‘தற்போதைய இருப்பிடம்’ என்ற இடத்தில் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்த மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில், என் மேசையில் நூலால் கட்டிவைத்திருந்த பேனாவைக் கொண்டே அந்த முகவரியைக் கதவெண் விடாமல் எழுதிக்கொண்டார். ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தரலாம், ஆனால் இன்ன காரணங்களுக்காக மட்டுமே தர முடியும் என்று விளக்கினேன். “ஆட்சேபணை ஒண்ணும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இருவரும் பிறகு வரவில்லை. அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். இதுவும் அப்படியே ஆனது. அவர்கள் ஆவண எழுத்தர் சொன்ன வழியில் போய் எங்கேயோ நன்றாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு.

புத்தகத்தைக் காட்ட மறுத்திருந்தால் அவர் மாவட்டப் பதிவாளரிடம் புகார் கொடுத்திருப்பார். என்னிடம் விளக்கம் இருந்திருக்காது. அறிவிப்பு வெறும் தொல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். முன்பு வேறோர் அலுவலகத்தில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பலகையில் இருந்த மாப்பிள்ளையின் பெயரைக் காட்டி, அவர் தன் கணவர் என்று திருமணப் புகைப்படத்தை மேசையில் வைத்தார். அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் ஒரு மோசடித் திருமணத்தை நானே நடத்தி வைத்திருப்பேன். இதைச் சொல்லி முடிக்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: இந்து திருமணத்திலும் அதே மோசடி நடக்கத்தான் செய்கிறது, அங்கே எந்தப் பலகையும் இல்லையே? இரு மதத்தவர் மணக்கும்போது மட்டும் ஊரைக் கேட்க வேண்டும் என்று சட்டத்துக்கு ஏன் தோன்றியது?

இந்தச் சட்டத்தின் மீது எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. இதற்கு முன்னோடியான 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணக்க விரும்பியவர்கள், நான் இந்துவல்ல, முஸ்லிமல்ல, கிறித்தவரல்ல என்று தங்கள் மதத்தையே மறுத்து உறுதிமொழி தர வேண்டியிருந்தது. 1954இல் அந்த நிபந்தனை இல்லாமல் சட்டம் வந்தது. எந்த மதத்தையும் விடாமல், எந்த மதத்திலும் சேராமல் மணக்கலாம் என்ற ஏற்பாட்டின் அலுவலராக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. என் பெற்றோருக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட அவர்களுக்குச் சட்டத்தின் ஒப்புதல் கிடைத்தது அண்ணாதுரை அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால்தான். அது முன்பு நடந்த திருமணங்களையும் செல்லும் என்றது. ஆனால் அந்தத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவு இருப்பது இந்து திருமணச் சட்டத்துக்குள்; அது இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். கடவுளே இல்லை என்று மேடையில் பேசிவிட்டு மணந்துகொண்ட என் தகப்பனாரும் அந்தப் பிரிவின்படி இந்துதான். சிறப்புத் திருமணச் சட்டமும் மதத்தை முழுதாக மறக்கவில்லை: கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து ஒருவர் அதன்கீழ் மணந்தால் அக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிறார், 1976இல் வந்த திருத்தம், மணப்பவர்கள் இருவருமே இந்துக்களாக இருந்தால் மட்டும் அதிலிருந்து விலக்கு அளித்தது.

இந்த அறிவிப்பால் வரும் சிக்கலை நீதிமன்றங்கள் கவனிக்காமல் இல்லை. அறிவிப்பை மணப்பவர்களின் வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை, அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2009இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திர பட் சொன்னார். மணப்பவர்கள் எழுதிக் கேட்டாலன்றி அறிவிப்பை வெளியிட வேண்டியதில்லை என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வழக்குக்கு வந்த தம்பதி, அறிவிப்புக்கு அஞ்சி மதம் மாறி மணந்தவர்கள். என்னிடம் வந்த பெண்ணின் கேள்வி ஒரு தீர்ப்பாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் வேறு மாநிலத்துத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இங்கே பலகையைக் கழற்ற ஒரு சார்பதிவாளருக்கு அதிகாரம் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று, ஒருபால் இணையர்கள் இதே சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணக்க உரிமை கேட்ட வழக்கில், அது நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அதில் பெரும்பான்மைத் தரப்பின் தீர்ப்பை எழுதியவரும் அதே ரவீந்திர பட்தான். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்து, தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. இரண்டும் ஒரே வழக்கல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மதச் சட்டத்துக்குள் ஒரு கதவு திறந்ததும், எல்லோருக்கும் பொதுவானது என்று நான் நம்பிய சட்டத்தில் கதவு சாத்தப்பட்டதும் என் பெருமிதத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டன.

இப்போது கேட்டு வருகிறவர்களிடம் நான் என் கருத்தைச் சொல்வதில்லை. மதம் மாறி மணப்பது உட்பட, சட்டத்தில் உள்ள எல்லா வழிகளையும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நாட்களையும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் அப்படிக் கேட்டுக்கொண்டு போன ஒரு ஜோடி, சில நாட்களில் மதமாற்றச் சான்றோடும் கோயில் ரசீதோடும் வந்தார்கள். அன்றே பதிந்து கொடுத்தேன். உடன் பணிபுரியும் நண்பருக்கு இதில் உடன்பாடில்லை. மதச்சார்பற்ற சட்டத்துக்கு நியமிக்கப்பட்ட அலுவலர், மதம் மாறுவதை ஒரு வசதியாக எடுத்துச் சொல்லலாமா என்று கேட்டார். நான் யாரையும் மாறச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னேன் என்றேன். அப்படியென்றால் அந்த முந்தைய ஜோடியிடம் ஏன் சொல்லவில்லை என்றார். அவர்களுக்கு அது முன்பே தெரியும், சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்றேன். அது உண்மைதான், தெரிந்தும் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் அவர்கள் என்னிடம் வந்திருந்தார்கள்.