பூட்டி பெயர் தெரியுமா? ஆடி அமாவாசைக்குக் குமரிக்கரை போகுமுன்

ஆடி அமாவாசையன்று கன்னியாகுமரி முக்கடல் சங்கமக் கரையில் இருட்டு விலகும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். புரோகிதர் முன்னால் இலை விரித்து உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி: "அப்பா பேரு? அவருக்கு அப்பா? அவருக்கும் அப்பா?" இதற்குப் பெரும்பாலும் பதில் வந்துவிடும். "அப்பாவைப் பெத்த பாட்டி பேரு? பாட்டாவைப் பெத்தவங்க பேரு?" என்று கேட்டதும்தான் கைபேசியை எடுத்து ஊரிலிருக்கும் அத்தைக்குப் போன் போடுகிறார்கள். ஆடிக்காற்றும் அலை இரைச்சலும் சேர்ந்த அந்தக் கரையில், மறுமுனையில் அத்தை சொல்வது பாதி காதில் விழாது.

பாட்டாவை, அதாவது தாத்தாவைப் பெற்ற, பெயர் தெரியாத அந்தப் பூட்டிதான் சேற்றில் இறங்கி நாற்று நட்டவள், களை பறித்தவள், களத்தில் நெல் தூற்றியவள், விதைநெல்லைக் கெட்டுப்போகாமல் காத்தவள். பூட்டனின் பெயராவது நிலத் தீர்வை ரசீதில் இருக்கும். அவள் பெயர் பல குடும்பங்களில் எந்தத் தாளிலும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது என்றால் அது இந்த எள்ளும் தண்ணீரும்தான். ஆகவே இந்தப் பயணத்துக்கான ஏற்பாடு ஒரு மாதம் முன்பே, ஆனி மாதத்திலேயே வீட்டில் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். அப்பா வழியில் ஆண் மூவர், பெண் மூவர். அம்மா வழியிலும் அப்படியே. ஆகப் பன்னிரண்டு இடம். உயிரோடு இருப்பவர் பெயரைத் தர்ப்பணத்தில் சொல்லக் கூடாது என்பதால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். குடும்பத்தில் வயதான பெண்களிடம் கேட்கும்போது "பூட்டி பேரு என்ன?" என்று நேராகக் கேட்டால் "யாருக்குத் தெரியும் மக்களே" என்றுதான் வரும். "பாட்டாவுக்கு அம்மை எந்த ஊரிலிருந்து வந்தாங்க, அவங்க பேரை யாருக்கு இட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கம் இருந்த குடும்பங்களில் ஒரு பேத்தியின் பெயரிலேயே விடை இருக்கும். இதே வழக்கம் குழப்பத்துக்கும் காரணம்: பாட்டாவும் பேரனும் ஒரே பெயர் என்பதால் இரண்டு தலைமுறையை ஒன்றாக எண்ணி ஒருவரை விட்டுவிடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் வீட்டுப்பெயரையும் ஊரையும் எழுதினால் இது நேராது.

அடுத்தது பழைய ஆதாரம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பின்பு திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) மாநிலத்தோடும் இருந்ததால், பத்திரங்களில் மலையாள எழுத்தும் மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டும் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நிலத்தின் அளவு, எவ்வளவு விதை விதைக்கலாம் என்ற கணக்கில், இத்தனை கோட்டை, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று எழுதியிருக்கும். 21 மரக்கால் ஒரு கோட்டை.

பெரிய தவறு நடப்பது இங்கேதான். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பங்களில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மருமக்கள் வழி நடைமுறையில் இருந்தது. சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்கு இறங்கும். எனவே அந்தக் காலப் பத்திரத்தில் பூட்டனுக்கு மேலே இருக்கும் பெயர் அவருடைய அப்பாவாக இருக்க வேண்டியதில்லை; தாய்மாமனாக இருக்கலாம். "மருமகன்" என்ற சொல்லும் அங்கே சகோதரி மகனைக் குறிக்கும், மகளின் கணவனை அல்ல. இது தெரியாமல் பத்திரத்தைப் பார்த்துப் பெயர் எழுதியவர்கள் மாமனைத் தகப்பன் இடத்தில் வைத்து எள் இறைக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவே ஒரு பெண் இருக்கிறாள், மாமனின் தங்கையோ அக்காவோ. சொத்தே அவள் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. தேட வேண்டியது அவள் பெயரை.

எவ்வளவு தேடியும் கிடைக்காத பெயருக்காகப் பதற வேண்டாம். புரோகிதரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த இடத்தில் உறவைச் சொல்லியும், அறிந்தும் அறியாமலும் போன முன்னோர் எல்லோரையும் சேர்த்தும் எள்ளும் நீரும் விடச் செய்வார். கற்பனையாக ஒரு பெயரைச் சொல்வதைவிட அது மேல்.

கரைக்குக் கொண்டுபோக வேண்டியவை: கருப்பு எள், பச்சரிசி, தர்ப்பை, தலைவாழையிலை, கொஞ்சம் பூ, மாற்றுத்துணி. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் எள்ளை மட்டும் வீட்டில் கல் நீக்கிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவது நல்லது. திறந்த கிண்ணத்தில் வைத்தால் காற்று முழுவதையும் அள்ளிப் போய்விடும். பெயர்த்தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். நனைந்த கையால் மடித்த தாளைப் பிரித்தால் மை கரைந்து பூட்டி மறுபடியும் காணாமல் போவாள். எள்ளும் தண்ணீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்க வேண்டும். விரல்நுனி வழியாக விடுவது வழக்கமில்லை.

கடலில் முழுக்குப் போடும்போது கவனம். அமாவாசைக்குக் கடல் ஏற்றம் பெரிது, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றின் அலையும் சேரும். பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். முதியவர்களைக் கரையிலேயே உட்காரவைத்துக் குடத்தில் மொண்டு ஊற்றினால் போதும். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

முழுக்கு முடிந்ததும் பகவதி அம்மன் தரிசனம். அம்மன் கிழக்கு நோக்கி இருந்தாலும் கிழக்கு வாசல் ஆண்டில் சில நாட்கள்தான் திறக்கும். ஆடி அமாவாசை அவற்றில் ஒன்று. மற்ற நாட்களில் வடக்கு வாசல்.

மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோடு பக்கத்துக் குடும்பங்கள் குழித்துறை ஆற்றங்கரைக்குப் போகும். அங்கே இந்த நாளுக்கு வாவுபலி என்று பெயர். அதையொட்டி நடக்கும் பொருட்காட்சியில் மரக்கன்றுகள் விற்பார்கள். பலி இட்டுவிட்டு ஒரு பலாக்கன்றோடு வீடு திரும்புவது எவ்வளவு பொருத்தம்!

ஆடியிலேயே நாள் குறித்துக் கோயில்களில் நிறைபுத்தரி நடக்கும். புதுக்கதிர்க் கட்டுகளைச் சன்னதியில் வைத்துப் பூசித்துப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். பூட்டன் பூட்டி காலத்தில் புத்தரிசி உலை ஏறுமுன் கதிர் கோயிலுக்கு வந்தாக வேண்டும். அப்போது சாகுபடி இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. 1906இல் பேச்சிப்பாறை அணை முடியும்வரை பழையாற்றையும் குளங்களையும் நம்பித்தான் நாஞ்சில் நாட்டு வயல்கள் இருந்தன. மழை தவறினால் பூவும் தவறும். அந்தக் கதிரை வாங்க அவர்கள் ஏன் அப்படிக் காத்து நின்றார்கள் என்பது இதை நினைத்தால் விளங்கும். கதிரை வீட்டு நிலையில் கட்டலாம், அரிசிப்பானையில் இடலாம். பானையில் இடுவதாக இருந்தால் மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு போட்டால் பூசணம் பிடித்து அரிசியும் கெடும்.

ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோவில் நாகராஜா கோயில். புல்லறுத்த பெண்ணின் அரிவாள் பட்டு நாகத்தின் தலையில் ரத்தம் வந்தது என்பதுதான் தலவரலாறு. வயலில் குனிந்து நின்றவளுக்குத்தான் நாகர் முதலில் தெரிந்திருக்கிறார். மூலவர் சன்னதிக்கு இன்றும் ஓலைக்கூரை, பிரசாதம் அங்குள்ள ஈரமண். நாகர் சிலைகளுக்கு மஞ்சள் தூவிப் பால் ஊற்றும் வரிசை நீளமானது. காய்ச்சாத பாலைத் திறந்த பாத்திரத்தில் ஏந்தி வெயிலில் நின்றால் திரிந்துவிடும். மூடிய செம்பில் கொண்டுபோங்கள்.

விட்டுப்போன ஒரு பெயர் இதற்குள் எந்த அத்தையிடமிருந்தாவது கிடைத்தால் அன்றைக்கே தாளில் எழுதிவிடுங்கள். தை அமாவாசை இருக்கிறது. அன்றும் குமரியில் கிழக்கு வாசல் திறக்கும்.