பந்தயம் கட்டிய பிறகுதான் பாடம்

டெல்டாவில் உழவர் பயிற்சி என்றால் எல்லா ஊரிலும் ஒரே காட்சிதான். சமுதாயக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் ஃபிளெக்ஸ், வாசலில் கையெழுத்து நோட்டு. உள்ளே நுழைந்ததும் ஒரு ஃபைல், ஒரு பேனா. 11 மணிக்கு டீயும் வடையும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதி நாற்காலி காலி, மீதியில் இருப்பவர்கள் தூக்கம். உழவர்களுக்கு அக்கறை இல்லை என்று பயிற்சி கொடுக்கும் எங்கள் தரப்பில் அலுத்துக்கொள்வோம். நடுராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போகிற மனுஷனுக்கு அக்கறை இல்லை என்றால் யார் நம்புவது?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நெல் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். வகுப்பைக் கலகலப்பாக்குவது எப்படி என்று எங்களுக்கே பயிற்சி நடக்கும். பலூன் ஊதச் சொல்வார்கள், பந்தை எறிந்து பெயர் கேட்கச் சொல்வார்கள், கைதட்டுவதில் வகை வகையாகக் கற்றுத் தருவார்கள். அறுபது வயதுக்காரரை பலூன் ஊத வைத்தால் சிரிப்பார், சரி. அது உடைந்ததும் பழையபடி மணி பார்ப்பார். நான் பார்த்தவரை உருப்படியாக வேலை செய்வது ஒன்றுதான்: விடையைச் சொல்வதற்கு முன்னால் ஆளை ஒரு ஊகத்தில் மாட்டிவிட வேண்டும். நாலு பேர் முன்னிலையில் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டவர், அது சரியா தப்பா என்று தெரியாமல் எழுந்து போகமாட்டார்.

ஊகத்தையும் அவர்கள் அளவையில்தான் கேட்க வேண்டும். ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் கூடம் ஊமையாகிவிடும். ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணும் என்றால் கடைசி வரிசையிலிருந்து கூட பதில் வரும்.

நெல்லின் ஈரப்பதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை என்பது விதி. குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டா முழுக்க இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் தகராறு. தளர்வு கேட்பதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். நான் பேசுவதில்லை. மூன்று கிண்ணங்களில் நெல் வைத்துவிடுவேன்: அன்றைக்கு அறுத்தது, ஒரு வெயில் கண்டது, நன்றாகக் காய்ந்தது. எது எது என்று சொல்லமாட்டேன். கடித்துப் பார்த்து ஆளுக்கொரு சீட்டில் சதவீதம் எழுத வேண்டும். கடித்துச் சொல்வது இங்கே பரம்பரை வித்தை. “பதினேழுதான் சார் இது.” “அட போய்யா, இருபதைத் தாண்டும்.” சீட்டெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் மீட்டரைப் பையிலிருந்து எடுப்பேன்.

நன்றாகக் காய்ந்ததையும் பச்சை நெல்லையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். நடுக் கிண்ணத்தில்தான் பல் ஏமாற்றும்; கொள்முதல் நிலையத்தில் வாக்குவாதம் வருவதும் அந்த இடத்தில்தான். ஏன் அப்படி என்று அவர்களே கேட்பார்கள். மேல் உமி காய்ந்து அரிசியில் ஈரம் நிற்பது, குவியலின் மேல் நெல்லும் அடி நெல்லும் ஒன்றாக இல்லாதது, மாதிரியை எங்கிருந்து அள்ளுகிறார்கள் என்பது எல்லாம் அப்போது காதில் ஏறும். இதையே முதலில் சொல்லியிருந்தால் கொட்டாவி.

பூச்சி வகுப்பில் பாட்டில். இது என் சொந்தச் சரக்கு இல்லை. நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி இந்தோனேசியாவின் நெல்லைச் சூறையாடிய காலத்தில், 1986-இல் அந்த அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக 1989-இல் அங்கே தொடங்கியதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. வகுப்பறை கிடையாது, வயல்தான் பள்ளி. பாட்டில் வித்தை அங்கிருந்து வந்தது.

வாயகன்ற பாட்டிலில் ஒரு நெல் தூரைச் சேற்றோடு வைத்து, பத்துப் புகையானைத் தட்டி விடுவோம். கூடவே அதே வயலில் தூரடியில் ஓடிய ஓநாய்ச் சிலந்தி ஒன்று. வாயைக் கொசுவலைத் துணியால் கட்டியாயிற்று. இன்னொரு பாட்டில் சிலந்தி இல்லாமல். மூன்றாவதில் மருந்து தெளித்து உலர்ந்த தோகை, அதோடு ஒரு சிலந்தி. நாளைக் காலையில் எதில் எத்தனை மிச்சம்? பந்தயம் டீக்குத்தான்.

“வலையே பின்னாத சிலந்தி எப்படி சார் பிடிக்கும்? பூச்சி தானா வந்து வாயில விழுமா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மூன்று பாட்டிலையும் அவர் வீட்டுத் திண்ணைக்கே கொடுத்தனுப்பினேன். மறுநாள் நான் போவதற்குள் தெருவே எண்ணி முடித்திருந்தது. முதல் பாட்டிலில் இரண்டே புகையான், அதுவும் தோகை நுனியில் ஏறி ஒண்டிக்கொண்டு. இரண்டாவதில் பத்தும் உயிரோடு. மூன்றாவதில் சிலந்தி காலை மடக்கிக் கிடந்தது. “ராத்திரி பாய்ஞ்சு பிடிச்சுதுங்க, பேரன் லைட் அடிச்சுக் காட்டினான்” என்று பெரியவரே மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மருந்து அடித்த வயலில் புகையான் திரும்ப ஏன் கூடுதலாக வருகிறது என்ற கேள்விக்கு அதற்கப்புறம் இரண்டு வரி போதுமாயிருந்தது. அதன் முட்டை இலையுறைக்கு உள்ளே இருக்கிறது, மருந்து அங்கே எட்டாது. பொரித்து வரும்போது தின்பதற்குச் சிலந்தி மிச்சமில்லை. இந்த இரண்டு வரியையும் முன்பெல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், அடுத்த நாள் போய் மருந்து அடித்தார்கள்.

விதைத் தேர்வுக்கு முட்டை. தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மேலே வந்து 25 காசு அளவுக்குத் தலை காட்டும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். அதில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், தரமான விதை அடியில் தங்கும். அப்புறம் அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். 25 காசு 2011-இலேயே செல்லாமல் போயிற்று. இப்போது அது எங்கள் வகுப்பில் மட்டும்தான் புழங்குகிறது. ஒரு ஊரில் கடையிலிருந்து வாங்கி வந்த முட்டை உப்பே போடாத தண்ணீரில் மிதந்துவிட்டது. கூமுட்டை! சிரிப்பு அடங்க நேரமானது. முட்டை புதிதாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஊரில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது அழைப்பு போகிற இடம். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். பயிற்சிக்கு வருவதோ பட்டாவில் பெயர் உள்ள ஆண்கள். பயிரின் தூரை தினமும் கையால் தொடுகிறவர்களை விட்டுவிட்டுப் பூச்சி வகுப்பு நடத்துகிறோம். அதனால் இப்போது களையெடுப்பு நடக்கிற வயலுக்கே போய், கஞ்சி குடிக்கக் கரையேறும் நேரத்தில் ஒரு தேர்தல் வைக்கிறேன். வரப்பு ஓரம் குச்சிகளில் கட்டிய அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி: மணி பிடிக்காமல் வெளுத்த வெண்கதிர், சுருண்ட இலை, பொறிவண்டு. ஒவ்வொரு அட்டைக்குக் கீழும் ஒரு டப்பா. நல்லது என்றால் நெல், கெட்டது என்றால் உளுந்து, தெரியாது என்றால் பயறு போட வேண்டும். எழுத்தும் வேண்டாம், யார் எதைப் போட்டார் என்றும் தெரியாது. முதல் தடவை பொறிவண்டுக்கு உளுந்துதான் குவிந்தது. “தம்பி, இது நல்ல பூச்சின்னா இவ்வளவு நாளா நசுக்கிப் போட்டோமே” என்று ஒரு அக்கா சொன்னதிலிருந்து அன்றைய வகுப்பு தொடங்கியது. பத்து நிமிடம்தான் கிடைக்கும், ஒரு விஷயத்துக்கு மேல் ஓடாது. ஒரே நாளில் ஆறு தலைப்பு என்று நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்கள் இதைப் பயிற்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் இந்த வித்தை ஆகாது. பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியைச் சொல்லும்போது போய்ப் புதிர் போட்டால் உதைதான் விழும். அதற்குக் கரும்பலகையில் பெரிதாகத் தேதியை எழுதி, சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று பக்கத்தில் வரிசையாகப் போட்டு, போனில் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீக்கு விட்டுவிடுவேன்.