கார்பன் புள்ளிகள்: பைக்கு வெளியே கசியும் ஒளி

கார்பன் புள்ளிகள் என்பவை சில நானோமீட்டர் அளவே உள்ள, ஒளிரும் கார்பன் துகள்கள். அவற்றைச் செய்ய, சிட்ரிக் அமிலம் 1.05 கிராமை 10 மி.லி. தண்ணீரில் கரைத்து, எத்திலீன்டைஅமீன் 335 மைக்ரோலிட்டரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கரைசல் சூடேறும். பிறகு டெஃப்லான் உறை போட்ட ஆட்டோகிளேவில் (இறுக மூடிய அழுத்தக் கலன்) 200 டிகிரி செல்சியஸ், 5 மணி நேரம். கலனை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்கவும் கூடாது, உள்ளே அழுத்தம் நிற்கும். கிடைக்கும் பழுப்புக் கரைசலைக் கொஞ்சம் நீர்த்து 365 நானோமீட்டர் விளக்கில் காட்டினால் நீலமாகப் பளீரென்று ஒளிரும்.

அந்த நீலத்தை நம்பித்தான் பலர் கெடுகிறார்கள். இதே வினையில் ஐபிசிஏ என்ற சிறு மூலக்கூறும் உண்டாகிறது. எடை 180 டால்டன்தான் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு), ஆனால் கடுமையாக ஒளிரும். வடிகட்டியதோடு நிறுத்தினால் அளப்பது பெரும்பாலும் அதன் ஒளியைத்தான். 1000 டால்டனுக்குக் குறைந்தவற்றை மட்டும் வெளியே கசியவிடும் டயாலிசிஸ் பையில் கட்டி, இரண்டு நாளாவது, தண்ணீரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளித் தண்ணீரை விளக்கில் பாருங்கள். நீலம் தெரிகிறவரை வேலை முடியவில்லை. பைக்குள் மிஞ்சுவது மங்கலாக இருக்கும். மனம் தளர வேண்டாம், துகள் அதுதான். (இந்தப் புள்ளிகள் தெரியவந்ததே 2004இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாயைச் சுத்தம் செய்யும்போது தனியே பிரிந்து வந்ததால்தான்.)

குவாண்டம் ஈட்டை, அதாவது உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு பங்கு திரும்ப ஒளிர்கிறது என்பதை, அளக்க ஒப்பீட்டுக்கு 0.1 மோலார் கந்தக அமிலத்தில் குவினைன் சல்ஃபேட், அதன் ஈட்டு 0.54. கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவான உட்கவர்ச்சி 0.1க்குக் கீழே இருக்கட்டும். கூடினால் கரைசலே தன் ஒளியை விழுங்கிவிடும். துகளின் ஒளி மங்குவதை வைத்து இரும்பு அயனியைக் கண்டறியும் சோதனைகளிலும் இதே வம்புதான்: ஃபெர்ரிக் உப்பு தானே புற ஊதாவை உறிஞ்சும், ஒளி குறைந்ததெல்லாம் துகளோடு வினை நடந்ததற்குச் சான்றாகாது.

மருத்துவத்துக்கு வந்தால், வேறு சில ஒளிரும் நானோ துகள்களில் இருக்கும் நச்சான காட்மியம் இதில் இல்லாதது பெரிய ஆறுதல். ஆனால் நீல ஒளி உடலுக்குள் அவ்வளவாக உதவாது. திசுவில் உள்ள கொலாஜன் புரதமும் செல்லில் உள்ள என்ஏடிஹெச் என்ற மூலக்கூறும் அதே நிறத்தில் ஒளிரும், திசுவும் அதை ஊடுருவ விடாது. 650 நானோமீட்டரைத் தாண்டி ஒளிர்பவைதான் வேண்டும்.

செல் நச்சுத்தன்மைக்கு எம்டிடி சோதனை (உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை ஒடுக்கி நிறம் மாற்றுவதை அளப்பது) வைப்பவர்கள் செல் இல்லாத குழிகளிலும் துகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். துகளின் நிறமும், சில வகைகளில் அதன் ஒடுக்கும் குணமும், செல் செத்த பிறகும் உயிரோடிருப்பதாகக் காட்டிவிடும்.

சிறுநீரகம் வழியே வெளியேற நீரியல் விட்டம் (மேலே ஒட்டியதையும் சேர்த்து நீரில் துகளின் விட்டம்) சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும் 3 நானோமீட்டர் உள்கரு மட்டுமே. ஒரு ஆன்டிபாடியே ஏறத்தாழ 10 நானோமீட்டர். அதை ஒட்டிவிட்டு, சிறுநீரில் போய்விடும் என்று எழுதுவது கணக்குக்கு ஒத்துவராது.