ஈ.ஈ.ஜி. நார்மல் என்று வந்த பிறகு

வியாசர்பாடியில் என் அக்கா வீட்டில் ஆண்டுக்கணக்கில் குடியும் அடிதடியும் நடந்தன. அக்கா இறந்த பிறகு அவளுடைய ஒன்பது வயது மகனைத் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவன் அழவே இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், சாப்பாட்டை ஒதுக்கினான், வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தாலும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியில் அதைத் திமிர் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஸ்டான்லி மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் காட்டினோம். வெறித்துப் பார்ப்பது ஒரு வகை வலிப்பாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் ஈ.ஈ.ஜி. என்ற மூளைப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, முந்தைய இரவு குறைவாகத் தூங்க வேண்டும் என்றார்கள். பசை தடவி ஒயர்களை ஒட்டத் தொடங்கியதும், "ஷாக் அடிக்குமா சித்தி?" என்று கேட்டு என் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டான். மூளையில் எழும் மின்னலைகளை இயந்திரம் பதிவு மட்டுமே செய்கிறது, உள்ளே எதையும் செலுத்துவதில்லை என்று டெக்னீஷியன் பொறுமையாக விளக்கிய பிறகுதான் பிடி தளர்ந்தது.

ரிப்போர்ட் நார்மல். வீட்டில் அத்துடன் விட்டுவிடலாம் என்றார்கள். மருத்துவரோ, வலிப்புக்கான அறிகுறி பதிவாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள், மனச்சோர்வை ஈ.ஈ.ஜி.யால் கண்டறிய முடியாது, பிள்ளைகளிடம் அது சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவே வெளிப்படலாம் என்றார். அவர் நீண்ட நேரம் கேட்டதெல்லாம் வீட்டில் நடந்தவற்றைப் பற்றித்தான். குடும்ப மானம் என்று மறைக்காமல், பையனை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவன் கண்ணெதிரே நடந்த அனைத்தையும் சொன்னேன். சிகிச்சைக்கு வழி திறந்தது அந்தப் பேச்சில்தான் என்று நம்புகிறேன்.

ருமேனியாவின் புகாரெஸ்டில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், அவர்களுடைய மூளையில் ஈ.ஈ.ஜி. பதிவு செய்யும் மின்னலைகளில் ஒரு வகையான ஆல்ஃபா அலைகள் வலுக் குறைந்திருந்தன என்றும், இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்களிடம் எட்டு வயதில் அவை காப்பகத்தில் வளராத பிள்ளைகளுடையதை ஒத்திருந்தன என்றும் இடையில் படித்துக் கலங்கிப்போனேன். இவன் எங்களிடம் வந்ததே ஒன்பது வயதில். அது கூட்டத்தின் சராசரி, தனிப் பிள்ளையின் ஜாதகம் அல்ல என்றார் மருத்துவர்.

மாத்திரை இல்லாமல் கவுன்சிலிங்கில் தொடங்கினார்கள். இப்போது தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறான். யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் இன்னும் உடல் விறைக்கிறது. அடுத்த அமர்வில் அதைப் பற்றிப் பேச இருக்கிறோம். மருத்துவமனைக்கு உடனே போக இயலாதவர்கள் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.