மஞ்சள் மூட்டையும் பாய்சானும்

ஈரோடு மஞ்சள் மண்டிக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கை பாய்சான் பரவல் (ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவுப் பரவல்) என்று வையுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை மூட்டை என்பது தனிக் கணக்கு. மொத்த வரத்து? அதுதான் கூட்டுப் பாய்சான்.

எத்தனை பங்கு கேட்டாலும், ஒரே பரவல் கொண்ட, ஒன்றையொன்று சாராத அத்தனை பங்குகளின் கூட்டுத்தொகையாகப் பிரியும் பரவல் ஒன்று இருக்கிறதா (1929இல் இத்தாலியக் கணிதர் டி ஃபினெட்டி தொடங்கிவைத்த சமாச்சாரம்)? அதை ஆயிரம் பங்காக்குங்கள். ஒரு பங்குதான் ஒரு வண்டிச் சரக்கு. சராசரியாக ஆயிரம் வண்டி. அப்புறம் ஆயிரத்தை ஏற்றிக்கொண்டே போங்கள், அசல் பரவலையே நெருங்கிவிடும். நிரூபணம் நாலே வரி!

ஒவ்வொரு வண்டியும் மொத்த வரத்தை ஒரு தாவு தாவ வைக்கிறது; அப்படித் தாவலே இல்லாத இயல்நிலைப் பரவலும் (மணி வடிவ வளைவு) இதில் அடக்கம் என்பதுதான் அழகு. சராசரியாக 10,000 தாவல்கள், ஒவ்வொன்றும் கூட்டியோ கழித்தோ 0.01, இரண்டுக்கும் சம வாய்ப்பு. கூட்டுத்தொகையின் மாறுபாடு (variance) சரியாக 1. வரைபடத்தில் இதற்கும் இயல்நிலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்குப் பள்ளிபாளையம் சிக்கன் என் செலவு.