குக்கீ அச்சும் சேலத்து வெயிலும்
முறுக்குக் குழல் போல மாவை அழுத்தி, தட்டில் பூ வடிவ பிஸ்கட்டாக இறக்கும் கருவிதான் குக்கீ அச்சு. சித்திரையில் சேலத்தில் அதை வாங்கியவர்கள் எல்லாரும் கருவியைத் திட்டுகிறார்கள். பாவம், அது என்ன செய்யும்? 32 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். நம் சமையலறைகள் அதைக் காலையிலேயே தாண்டிவிடுகின்றன. மாவு தளர்ந்தால் பூ வடிவம் கூழாகிவிடும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அதிக நேரம் வைத்தால் இறுகிப்போய் முறுக்குப் பிழியும் பலத்தைக் கேட்கும்.

பூ தட்டில் இறங்காமல் அச்சோடு மேலே வருகிறதா? தட்டில் நெய் தடவாதீர்கள், பட்டர் பேப்பரும் விரிக்காதீர்கள். வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டால்தான் மாவு அச்சை விடும். இரண்டாம் ஈட்டுக்குத் தட்டு நன்றாக ஆறியிருக்க வேண்டும். முந்திரித் துண்டு ஆசை இருப்பவர்கள் கையாலேயே உருட்டிக்கொள்ளட்டும், அச்சில் போட்டால் துளை அடைத்துக்கொள்ளும்.

ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு நேர்மாறான தொல்லை. மார்கழிக் குளிரில் வெண்ணெய் இளகவே மாட்டேன் என்கிறதாம்!